பள்ளிக்குள் பேசி முடிக்கப்படும் புகார்கள்: எங்கள் நிலைப்பாடு

பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடந்திருக்கிறது என்று தெரியவந்தால், அது உண்மையா பொய்யா என்று தீர்ப்புச் சொல்லும் வேலை பள்ளிக்குக் கிடையாது. காவல்துறைக்குத் தகவல் சொல்லும் கடமைதான் உண்டு. ஆசிரியர்களும் பெற்றோரும் வழக்கறிஞர்களும் சேர்ந்த எங்கள் அமைப்பு இதில் எந்த விதிவிலக்கையும் ஏற்கவில்லை.

நடைமுறை எப்படி என்பது ஊரறிந்தது. புகார் வந்ததும் இரு தரப்பும் தலைமையாசிரியர் அறைக்கு அழைக்கப்படும். ஊர்ப் பெரியவர் ஒருவர், பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்காரர் ஒருவர் வந்து உட்காருவார்கள். "பொம்பளப் பிள்ளை விஷயம், பேரு கெட்டுடும்." "சாருக்கும் குடும்பம் இருக்கு." "பப்ளிக் எக்ஸாம் நேரத்துல இது வேணாமே." கடைசியில் ஆசிரியர் மன்னிப்புக் கேட்பார், அல்லது மாறுதல் வாங்கிக்கொண்டு போவார். அவர் போய்ச் சேரும் பள்ளியிலும் பிள்ளைகள்தான் படிக்கிறார்கள். தனியார் பள்ளியாக இருந்தால் டி.சி. பிள்ளையின் கைக்கு வந்துவிடும்.

2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இந்தப் பஞ்சாயத்துக்கு இடமே வைக்கவில்லை. குற்றம் நடந்ததை அறிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தகவல் தர வேண்டும் என்கிறது அதன் 19-ஆவது பிரிவு. முதன்மைக் கல்வி அலுவலருக்குக் கடிதம் எழுதிவிட்டால் இந்தக் கடமை தீராது. தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்கு வராது என்றும் அதே சட்டம் உறுதி தருகிறது. "தப்பாப் போயிட்டா என் தலைதானே உருளும்" என்று தயங்கும் ஆசிரியர்கள் இதை அறிந்திருப்பதாகத் தெரியவில்லை. அவர்களுக்கு நடக்கும் பயிற்சிகளில் இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத் தனியார் பள்ளி ஒன்றில் போலி என்.சி.சி. முகாமில் மாணவிகளுக்குப் பாலியல் தொல்லை நடந்தது வெளிச்சத்துக்கு வந்தது. முகாம் நடத்தியவர்கள் மட்டுமல்ல, பள்ளி முதல்வரும் தாளாளரும் கைதானார்கள். மாணவிகள் சொன்ன பிறகும் காவல்துறைக்குச் சொல்லாமல், பெரிதுபடுத்த வேண்டாம் என்று அடக்கினார்கள் என்பதே அவர்கள் மீதான குற்றச்சாட்டு.

பெற்றோரே சமரசத்துக்கு ஒத்துக்கொண்டால்? இதற்கும் விடை வந்துவிட்டது. ராஜஸ்தானில் அரசுப் பள்ளி ஆசிரியர் மீதான வழக்கை, மாணவியின் தந்தையோடு ஏற்பட்ட சமரசத்தைக் காட்டி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ரத்தைத் தூக்கி எறிந்தது. ஒரு பிள்ளைக்கு எதிரான இத்தகைய குற்றம் இரண்டு பேருக்கு இடையிலான தனிப்பட்ட சச்சரவு ஆகாது என்றது. வழக்கை அங்கே கொண்டுபோனவர்கள் மாணவியின் உறவினர்கள்கூட இல்லை, மூன்றாம் நபர்கள். நம் ஊர்களில் அப்படி யாராவது தலையிட்டால் "உனக்கென்ன வந்தது" என்று கேட்பதுதான் வழக்கம்.

காவல் நிலையப் படியேற வேண்டுமே என்ற பெற்றோரின் கூச்சம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் படியேறத் தேவையில்லை. பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாமல் வந்து, கூடுமானவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரிதான் வாக்குமூலம் வாங்க வேண்டும். நடைமுறையில் எல்லா இடத்திலும் இப்படி நடக்கிறது என்று நாங்கள் சொல்லவில்லை. நடக்காத இடத்தில் கேட்டுப் பெறலாம்.

ஒரு எதிர்வாதத்தை மதிக்கிறோம். இந்தக் கடமையால் வயதொத்த இருவரின் காதலும் வழக்காகிவிடுகிறது, அதனாலேயே பிள்ளைகள் ஆசிரியரிடம் மனம்விட்டுப் பேசப் பயப்படுகிறார்கள் என்பது உண்மை. சென்னை உயர் நீதிமன்றமே இதைக் கவலையோடு பேசியிருக்கிறது. சட்டம் அங்கே திருந்த வேண்டும் என்றே நாங்களும் கருதுகிறோம். ஆனால் ஆசிரியருக்கும் மாணவிக்கும் இடையில் நடப்பதற்கு அந்த வாதத்தை யாரும் இரவல் வாங்கக் கூடாது.

மாணவர்களே மாணவரைத் துன்புறுத்தும்போது நிலைமை வேறு. எல்லாவற்றுக்கும் காவல்துறையைக் கூப்பிடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. பதினைந்து வயதுப் பையனைப் பள்ளியை விட்டு நீக்கினால் அவன் தெருவுக்குத்தான் போவான். ஆனால் "பசங்க விளையாட்டு" என்று தள்ளிவிடுவதன் விலையை 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பார்த்தோம். பட்டியல் சாதி மாணவர் ஒருவர், உடன் படித்தவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினார். ஆசிரியர்கள் அழைத்துக் கேட்டதும் நடந்ததைச் சொன்னார். அதன் பிறகு, இரவில் வீட்டுக்குள் புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது.

சாதியை அடக்கியே வாசிக்கும் பள்ளிகள் இதைத் தனி நிகழ்வாகக் கடந்துபோக விரும்பலாம். இதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி நீங்க வேண்டும், சாதி காட்டும் வண்ணக் கயிறுகள் தடை செய்யப்பட வேண்டும் என்பவை அதிகம் பேசப்பட்டன. கயிற்றை அவிழ்ப்பதை வரவேற்கிறோம். எங்களுக்கு அதைவிட அவசரமாகப் படுவது வேறொன்று: புகார் சொன்ன பிள்ளை அன்று சாயங்காலம் எந்த வழியாக, யாரோடு வீட்டுக்குப் போகிறது? அதைக் கேட்க இன்று பள்ளியில் பொறுப்பான ஆள் இல்லை. சாதி சார்ந்த மிரட்டல் என்று தெரிந்த அன்றே காவல்துறைக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் தகவல் போக வேண்டும். அந்தக் குடும்பத்துக்குப் பாதுகாப்பு உறுதியாகும் முன் எதிர்த் தரப்பைக் கூப்பிட்டுக் கண்டிக்கக் கூடாது.

மற்ற தொல்லைகளுக்கு ஒரு பதிவேடு போதும். பட்டப்பெயர், அடி, வாட்ஸ்அப் குழுவில் கேலிப்படம் என்று எதுவானாலும் தேதியோடு எழுதப்பட வேண்டும். தலைமையாசிரியர் ஒருவர் கையெழுத்தால் முடித்துவைக்க முடியாததாக, பள்ளிக்கு வெளியிலிருந்து ஒருவர் மாதந்தோறும் படிப்பதாக அது இருக்க வேண்டும். தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரும் அதில் ஏற வேண்டும். வருகைப் பதிவு இப்போது கைப்பேசிச் செயலியிலேயே ஏறுகிறது. யார் வரவில்லை என்று மேலிடம் வரைக்கும் தெரியும். ஏன் வரவில்லை என்ற கேள்வி மட்டும் "காய்ச்சலா?" என்பதோடு நின்றுவிடுகிறது.

1098, 14417 உதவி எண்களை வகுப்பறைச் சுவரில் எழுதியிருக்கிறார்கள், நல்லது. பிள்ளைகள் வாய் திறக்காததற்கு எண் தெரியாதது மட்டும் காரணமில்லை. பிளஸ் டூவில் செய்முறை உள்ள பாடங்களில் 100-க்கு 30 மதிப்பெண் செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் போகிறது. "ப்ராக்டிகல்ல கை வச்சிடுவாரு" என்ற பயம் பன்னிரண்டாம் வகுப்பு முழுக்க உண்டு. ஆகவே புகாருக்கு உள்ளான ஆசிரியர் அந்த மாணவிக்கு மட்டுமல்ல, அந்த வகுப்புக்கே எந்த மதிப்பெண்ணும் போடக் கூடாது. விசாரணை முடியும்வரை அவருக்கு மாறுதல் ஆணை தரக் கூடாது. பணியிடை நீக்கம்தான் சரி. புகார் கொடுத்த பிள்ளைக்குப் பெற்றோரே டி.சி. கேட்டாலும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் அவர்களிடம் தனியாகப் பேசி, யாருடைய நெருக்கடியும் இல்லை என்று எழுதித் தந்த பிறகே பள்ளி அதை வழங்க வேண்டும்.