காலுக்கு ஷூவா... ஷூவுக்குக் காலா?

இது தோழிகளுக்கு! (பசங்களும் படிக்கலாம். தங்கச்சிக்கு ஷூ வாங்கப் போகும்போது உதவும்!) செமஸ்டர், அரியர், கல்ச்சுரல்ஸ்னு எப்பவும் தலைக்கு மேல ஓடுற விஷயங்களையே பேசிட்டு இருக்கோம். இந்த வாரம் கொஞ்சம் குனிஞ்சு, நம்ம பாதத்தைப் பார்ப்போமா?

சிறுமலை ட்ரிப், கொடைக்கானல்ல டால்பின் நோஸ் ட்ரெக்கிங், என்.சி.சி. பரேடு, காலேஜ் ஒர்க்‌ஷாப், போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓட்டப் பயிற்சி... இன்னிக்குப் பொண்ணுங்க கால் வைக்காத இடம் எது? ஆனா, அதுக்கெல்லாம் ஷூ வாங்க திண்டுக்கல் கடைவீதியில ஏறி இறங்கிப் பாருங்க. லேடீஸ் பக்கம் அடுக்கி வெச்சிருக்கிறதுல பாதிக்கு மேல ஃபேன்ஸி செருப்பும் ஹீல்ஸும்தான். "ஸ்போர்ட்ஸ் ஷூவா? ஜென்ட்ஸ்லயே அஞ்சாம் நம்பர் இருக்கு பாப்பா. போட்டுப் பாரு, போகப் போகச் சரியாயிடும்!" என்பார் கடைக்கார அண்ணன்.

சரியாகாது! முன்னாடி விரலை நசுக்கும், பின்னாடி குதிகால் கழண்டு கழண்டு ஆடும். ரெண்டே நாள்ல ஷூ கடிச்சுக் கொப்புளம். மூணாவது நாள், "இந்த ட்ரெக்கிங்லாம் நமக்கு செட் ஆகாதுப்பா"னு ஒதுங்கிடுறோம். செட் ஆகாதது ட்ரெக்கிங் இல்ல தாயி... ஷூ!

ஏன் இப்படி? ஜென்ட்ஸ் ஷூவைச் சின்னதாக்கினா அது லேடீஸ் ஷூ ஆயிடாது. பெண்களின் பாதம் ஆண்களின் பாதத்தோட மினியேச்சர் இல்லைனு அமெரிக்க விஞ்ஞானிகள் 2001-லேயே ஆய்வு செஞ்சு சொல்லிட்டாங்க. பொதுவா நம்ம பாதத்துல முன்பக்க அகலத்தோட ஒப்பிட்டா குதிகால் ஒல்லி. அதனாலதான் விரல் பக்கம் இறுக்கும்போதே குதிகால் பக்கம் லூஸா இருக்கு.

அடுத்த வில்லன், அந்த நம்பர். நம்ம ஊர் ஷூ பாக்ஸ்ல போட்டிருக்கிறது பிரிட்டிஷ்காரங்க விட்டுட்டுப் போன யு.கே. சைஸ். அதுல ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் வித்தியாசம் ஒரு இஞ்சில் மூணுல ஒரு பங்கு, சுமார் 8.5 மில்லிமீட்டர். ஒரு பார்லி தானியத்தோட நீளம்னு அந்தக் காலத்துல வெச்ச கணக்கு! ஆனா, இந்த நம்பர் சொல்றது நீளத்தை மட்டும்தான். உங்க பாதத்தோட அகலத்தைப் பத்தி அது வாயே திறக்காது.

அகலத்துலதான் நம்ம பிரச்னையே இருக்கு. சென்னை அடையாறுல 1948-ல் ஆரம்பிச்ச மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பரில் இருந்து 2022 மார்ச் வரைக்கும் நாடு முழுக்க 79 இடங்கள்ல 1,01,880 பேரோட பாதங்களை ஸ்கேன் செஞ்சு அளந்தது. தெரிஞ்சது என்ன? இந்தியர்களின் பாதம் பொதுவா ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிட அகலம்! அகலம் பத்தாம நாம நீளத்துல ஒரு நம்பர் பெருசா வாங்கி, உள்ள கால் நீந்த நீந்த நடக்கிறோம். இந்த சர்வேயை வெச்சு, 'பா' என்ற பேர்ல இந்தியாவுக்கே ஒரு சைஸ் முறையை உருவாக்கினாங்க. 'பாரத்'ல இருந்து வந்த 'பா'. அதுல பெண்களுக்குத் தனி அளவு உண்டு.

கடையில நாம பார்க்கிறது இன்னும் யு.கே. நம்பர்தானே, என்ன பண்றது? இதோ ஐடியாஸ்...

1. சாயங்காலம் கடைக்குப் போங்க. நாள் முழுக்க நடந்த கால் லேசா வீங்கியிருக்கும். அதுதான் நிஜ அளவு. ட்ரெக்கிங்குக்குப் போடப்போற அதே சாக்ஸைப் போட்டுட்டே பாருங்க.

2. வீட்டுலயே ஒரு பேப்பர் மேல நின்னு, ரெண்டு பாதத்தையும் பென்சிலால வரைஞ்சு, சென்டிமீட்டர்ல அளந்து வெச்சுக்கங்க. ரெண்டு காலும் ஒரே அளவா இருக்கணும்னு இல்ல. பெரிய காலுக்குத்தான் ஷூ!

3. எழுந்து நின்னா, நீளமான விரலுக்கு முன்னாடி கட்டை விரல் அகலத்துக்கு இடம் இருக்கணும். மலை இறங்கும்போது கால் முன்னாடி சறுக்கும். இடம் இல்லைனா நகம் கறுத்துடும். கடையில படிக்கட்டு இருந்தா இறங்கிப் பாருங்க, கடைக்காரர் முறைச்சாலும் பரவாயில்லை.

4. குதிகால் தூக்கக் கூடாது. லேசா தூக்குதா? நிறைய ஸ்போர்ட்ஸ் ஷூல மேல ஒரு எக்ஸ்ட்ரா ஓட்டை இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? அது டிசைன் இல்ல. ரெண்டு பக்கமும் அதுல லேஸைக் கோத்துச் சின்ன வளையம் போல விட்டு, எதிர்ப்பக்க லேஸை அதுக்குள்ள நுழைச்சு இழுத்துக் கட்டினா குதிகால் 'லாக்' ஆகிடும். திண்டுக்கல்காரங்களுக்குப் பூட்டு போடச் சொல்லித் தரணுமா என்ன?

5. புது ஷூவோட நேரா மலைக்குக் கிளம்பாதீங்க. முதல்ல வீடு, அப்புறம் தெரு, அப்புறம் நம்ம மலைக்கோட்டைப் படி. அதுக்கு அப்புறம் சிறுமலை!

நீளத்தை மில்லிமீட்டர்லயோ சென்டிமீட்டர்லயோ நேரா சொல்ற ஷூக்களும் உலகத்துல இருக்கு. குல்மார்க், ஔலி பனிச்சரிவுல பலகை மேல நின்னு சறுக்குவாங்களே ஸ்னோபோர்டிங், அதுக்கான பூட்ஸ் அப்படித்தான். பாதம் 23.5 சென்டிமீட்டர்னா பூட்ஸும் 23.5. நிமிர்ந்து நின்னா விரல் நுனி லேசா உரசணும், முழங்காலை மடக்கினா விரல் பின்வாங்கணும், குதிகால் அசையவே கூடாது. பெண்களோட கெண்டைச் சதை கொஞ்சம் கீழே இறங்கி இருக்கும்னு, அவங்க பூட்ஸோட மேல்பகுதியையும் அதுக்கேத்த மாதிரி வெட்டித் தைக்கிறாங்க. பனியில சறுக்குற பொண்ணுக்கு இவ்வளவு யோசிக்கிற உலகம், பாறையில ஏறுற பொண்ணுக்கும் யோசிக்கலாம்ல?

இத்தனைக்கும் தோல் பதனிடுறது திண்டுக்கல்லுக்குப் பழைய தொழில். அந்தப்பக்கம் ஆம்பூர், வாணியம்பாடியில இருந்து ஷூ கப்பலேறி வெளிநாடு போகுது. நம்ம ஊர்ப் பொண்ணு காலுக்கு மட்டும் "ஜென்ட்ஸ்ல அஞ்சாம் நம்பர்".

அதனால, அடுத்த தடவை அந்த டயலாக்கைக் கேட்டா சிரிச்சுக்கிட்டே, "வேணாம்ணே, லேடீஸ் ஸ்போர்ட்ஸ் ஷூ வந்தா சொல்லுங்க"னு போன் நம்பரைக் கொடுத்துட்டு வாங்க. ஒருத்தி கேட்டா மறந்துடுவார். பத்துப் பேர் கேட்டா சரக்கு இறக்கிடுவார். இன்ஜினீயரிங்ல படிச்ச டிமாண்ட் அண்ட் சப்ளை இதுக்காவது உதவட்டும்!

அளவெடுக்க ஸ்கேல் ரெடியா? அடுத்த வாரம் பார்ப்போம்!