லேத் வேலைதான் மாமா

ஆவாரம்பாளையம், கணபதி, பீளமேட்டுச் சொந்தங்களுக்கு,

கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டாவிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் தங்கச்சி கல்யாணத்தில் என்னை மாப்பிள்ளை வீட்டாரிடம் "அமெரிக்காவுல சாஃப்ட்வேர்ல இருக்கான்" என்று சொன்னீர்கள். "இல்லைங்க, விமான பாகம் வெட்டற சிஎன்சி மெஷினுக்கு ப்ரோகிராம் போடறேன்" என்று நான் சொன்னதும் பெரிய மாமா என் கையை அழுத்தினார். பிறகு தனியாக அழைத்து, "லேத் வேலைன்னு சபையில சொல்லலாமா கண்ணு?" என்றார். பெரியவர் முகத்துக்கு நேரே பேச மனம் வரவில்லை. அதனால் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

லேத் வேலைதான் மாமா. நம் வீதியில் பாதி வீடு அந்த வேலையில் எழும்பியது. 1937இல் கோவையில் மின்மோட்டார் செய்த கதையை மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறோம். அதே கையில் எண்ணெய்க்கறை இருந்தால் மட்டும் ஏன் கூசுகிறோம்?

நான் செய்யும் சிஎன்சி தொழிலே விமானத்துக்காகப் பிறந்தது. ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கையின் வளைவைப் பிசகாமல் வெட்ட, எண்களைக் கொண்டு மெஷினை ஓட்டலாம் என்று யோசித்தார். அமெரிக்க விமானப்படைப் பணத்தில் அங்குள்ள எம்ஐடி பல்கலைக்கழகம் அப்படியொரு மில்லிங் மெஷினை 1952இல் ஓட்டிக் காட்டியது.

இன்று என் மேசைக்கு வருவது டைட்டானியம். வெட்டும் சூடு சீவி விழும் சுருளோடு போகாமல் வெட்டும் பிட்டின் முனையிலேயே தங்கிவிடும் உலோகம் அது. வேகத்தைக் குறைத்து, கூலன்ட்டை அழுத்தமாகப் பாய்ச்சி, பிட்டின் மேல் சுமை ஏறி இறங்காதபடி பாதை போடவேண்டும். மெல்லிய சுவர் என்றால் பிட்டு தள்ளும்போது விலகிக்கொடுக்கும், பிட்டு போனதும் நிமிர்ந்துகொள்ளும், அளவு தப்பிவிடும். அதனால் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவேன். கம்ப்யூட்டரில் முழுதும் ஓட்டிப் பார்த்த பிறகே மெஷினுக்குப் போகும். முதல் பாகத்தின் ஒவ்வோர் அளவும் பதிவேட்டில் ஏறும்.

ஏன் இத்தனை கெடுபிடி? 1996 ஜூலையில் ஃப்ளோரிடாவின் பென்சகோலாவில், ஓடுபாதையில் வேகமெடுத்த ஒரு எம்டி-88 விமானத்தின் இடது என்ஜினில் விசிறி இதழ்களைத் தாங்கும் ஃபேன் ஹப் உடைந்தது. சிதறல்கள் கேபினுக்குள் பாய்ந்து ஒரு தாயும் மகனும் இறந்தார்கள். அந்த டைட்டானியம் ஹப்பில் துளை போட்டபோதே துளையின் சுவர் சூட்டில் இறுகிக் கெட்டிருந்தது. விரிசல் அங்கிருந்து வளர்ந்தது என்று விசாரணையில் தெரிந்தது. ஒரே ஒரு துளை. இப்படிப்பட்ட பொறுப்பைச் சுமக்கும் தொழிலையா சபையில் மறைத்தீர்கள்?

கல்யாண வீட்டுப் பேச்சுதானே என்று விடமாட்டேன். இந்தக் கூச்சம்தான் பட்டறைகளைக் காலி செய்கிறது. லேத் ஓட்டுகிறவனுக்குப் பெண் தர யோசிக்கிறீர்கள். அவனும் மெஷினை விட்டுக் கம்பெனி பேருந்தில் ஏறிவிடுகிறான். 2019இல் தொடங்கிய தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், சேலம், திருச்சியோடு கோவையும் இருக்கிறது. நிலம் கிடைக்கும், கடன் வாங்கி மெஷினும் இறக்கலாம். அதன் முன்னால் நிற்க ஆள் எங்கிருந்து வரும்?

"நீயே போயிட்டு எங்களுக்குப் புத்தி சொல்றயா?" என்பீர்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பிட்டு மழுங்குவதைச் சத்தத்திலேயே பிடிக்க எனக்குக் கற்றுத்தந்தது கணபதிப் பட்டறை. அந்தக் காது இல்லாவிட்டால் இன்று நான் திரையில் போடும் பாதையெல்லாம் வெறும் கோடு. கற்றதை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கற்றுத்தந்த மேஸ்திரி இந்த வயதிலும் ஆள் இல்லாமல் தானே மெஷின் முன் நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். அது உறுத்துகிறது. இங்கே கிடைக்கும் மரியாதையை அங்கே அவருக்கு வாங்கித்தர முடியவில்லையே என்பது அதைவிட உறுத்துகிறது.

ஆகவே கேட்கிறேன். டிப்ளமோ, என்ஜினியரிங் முடித்த பிள்ளைகளைப் பட்டறைக்கு அனுப்புங்கள், பெண்பிள்ளைகளையும்தான். முதலாளிகளே, பழகும் காலத்திலும் வாழ்வதற்குப் போதுமான சம்பளம் கொடுங்கள். ஐந்து அச்சு மெஷினுக்கு ப்ரோகிராம் போட நான் கற்றுத்தருகிறேன். சனிக்கிழமை, உங்களுக்கு மாலை, எனக்குக் காலை. காசு வேண்டாம். அந்தப் பிள்ளைகளுக்கு வரன் பேசும்போது மட்டும், என்ன வேலை செய்கிறார்கள் என்பதைச் சத்தமாகச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை