ஏழு நிமிஷ சிலபஸ்!

தஞ்சாவூர் அன்னை சத்யா ஸ்டேடியம் பக்கம் விடியற்காலையில போயிருக்கீங்களா? வாக்கிங் பெரியவங்களுக்கு நடுவுல, போலீஸ் வேலைக்காக ஓடிப் பழகுற நம்ம செட் இருக்கும். கான்ஸ்டபிள் தேர்வில் பசங்களுக்கு 1500 மீட்டர், 7 நிமிஷம். பொண்ணுங்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிஷம்.

முதல் ரவுண்டுல சிட்டாப் பறந்துட்டு, மூணாவது ரவுண்டுல நாக்குத் தள்ளி நிற்கிறவங்களைக் கவனிங்க. தெம்பு இல்லாமல் இல்லை பாஸ், கணக்குதான் தெரியலை. அந்தக் கணக்குக்குப் பேர்தான் எக்ஸர்சைஸ் பிஸியாலஜி.

தசையில் ரெடியா இருக்கிற ஏ.டி.பி. சில நொடிகளுக்குத்தான். கிரியேட்டின் பாஸ்பேட் கை கொடுத்தாலும் பத்து நொடி சொச்சம். அப்புறம் ஆக்சிஜன் இல்லாமலே கிளைகோஜனை உடைச்சு ஒண்ணு, ரெண்டு நிமிஷம் ஓட்டலாம். அதுக்கு மேல ஆக்சிஜன்தான் ராஜா! மேட்டூர் தண்ணியை ஒரே வாரத்துல திறந்து தீர்த்துட்டா கடைமடைக்கு என்ன மிஞ்சும்? அதே கதைதான். 7 நிமிஷத்தில் முடிக்க, 400 மீட்டர் ரவுண்டுக்கு 1 நிமிஷம் 52 நொடி போதும். சீரா ஓடுங்க.

இதைக் கத்துக்க பி.பி.எட். சீட்டும் வேண்டாம், காசும் வேண்டாம். யூ டியூப்ல 'க்ராஷ் கோர்ஸ்' 2015-ல் தொடங்கின உடற்கூறு, உடலியங்கியல் வரிசையில் மொத்தம் 47 எபிசோட். உங்களுக்கு ஆறு போதும். தசைக்கு ரெண்டு, இதயத்துக்கு ரெண்டு, சுவாசத்துக்கு ரெண்டு. ஒவ்வொண்ணும் சுமார் 10 நிமிஷம். ஹாங்க் கிரீன் எக்ஸ்பிரஸ் வேகத்துல பேசுவார். ஸ்பீடை 0.75-க்குக் குறைச்சு, சப்டைட்டிலைப் போட்டுக்குங்க.

புரியாத இடத்துக்கு 'கான் அகாடமி'. கரும்பலகையில் வரைஞ்சு, நிதானமா சொல்லித் தருவாங்க. சர்ட்டிஃபிகேட்டும் வேணுமா? மத்திய அரசு 2017-ல் தொடங்கின 'ஸ்வயம்' தளத்தில் உங்க பாடம் அந்த செமஸ்டர்ல இருக்கான்னு தேடுங்க. பார்க்கிறது ஃப்ரீ, பரீட்சைக்கு மட்டும்தான் கட்டணம்.

இங்கிலீஷ் பயமா? நம்ம ப்ளஸ் ஒன் விலங்கியல் புத்தகத்தை இலவசமா டவுன்லோட் பண்ணலாம். அதுல சுவாசம், இயக்கம் பாடங்களைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு வீடியோ பாருங்க. பாதி வார்த்தைகள் பழைய சிநேகிதங்கதான்.

ஒரு எச்சரிக்கை. '30 நாளில் சிக்ஸ்பேக்'னு ஆரம்பிச்சு, கடைசியில் பவுடர் டப்பாவை நீட்டினா அது பாடமில்லை, விளம்பரம்!

பார்த்ததை உடனே கிரவுண்டுல சோதிங்க. ஒரே வேகத்துல ஒரு ரவுண்டு ஓடி, நின்னதும் 15 நொடி நாடி எண்ணி, நாலால பெருக்கி டைரியில் எழுதுங்க. சில வாரம் கழிச்சு, அதே வேகத்துல நாடி குறைஞ்சிருந்தா உங்க இதயம் பாஸாகிட்டு வருதுன்னு அர்த்தம். நெஞ்சுவலியோ தலைசுற்றலோ வந்தா மட்டும் ஓட்டத்தை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க.

இன்னிக்கு ராத்திரி முதல் எபிசோட், நாளைக்குக் காலையில முதல் ரவுண்டு. ஸ்டார்ட்... ஜமாய்ங்க!