இரவு அளவும் தறிக்காரர் உறக்கமும்

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்றது. வீட்டு வாசலுக்கே வந்து இரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரையும் கொடுத்துச் செல்லும் அவ்வேற்பாட்டை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும், ஒரு வேளையில் எடுத்த ஒற்றை அளவைக் கொண்டே உடம்பின் நிலையை முடிவு கட்டிவிடலாம் என்னும் எண்ணம் நமது அங்கத்தினரிடையே வேரூன்றி வருகிறது. அது சரியன்று என்பதே நமது அபிப்பிராயம்.

டாக்டரைக் கண்ட மாத்திரத்தில் சிலருக்கு அழுத்தம் ஏறிவிடுகிறது. வேறு சிலருக்கோ ஆஸ்பத்திரியில் சரியாக இருந்து, வீட்டிலும் வேலையிடத்திலும் ஏறி நிற்கிறது. முன்னவர் தேவையற்ற மாத்திரை உண்ண நேரலாம். பின்னவர் நோய் இருப்பதே அறியாமல் இருந்துவிடுவார். 15 மாநிலங்களில் 18,918 பேரிடம் நடத்தப்பெற்ற 'இந்திய இருதய ஆய்வு', நூற்றுக்கு ஏறத்தாழ 42 பேர் இவ்விரு வகையுள் ஒன்றில் அடங்குவர் எனக் கண்டது.

இக்குழப்பத்தைத் தீர்க்கவே 24 மணி நேரக் கருவி பயன்படுகிறது. புஜத்தில் பட்டையைக் கட்டி இடுப்பில் சிறு பெட்டியை மாட்டி அனுப்புவார்கள். பகலில் 15 அல்லது 30 நிமிஷத்திற்கு ஒரு முறையும், இரவில் பெரும்பாலும் 30 நிமிஷத்திற்கு ஒரு முறையும் அதுவே அளந்து குறித்துக்கொள்ளும். முழு நாளின் சராசரி 130/80, விழித்திருக்கும் நேரத்தில் 135/85, உறக்கத்தில் 120/70 என்பவை எல்லைகள். இவற்றை எட்டினாலோ தாண்டினாலோ மிகை அழுத்தம் என்பர். உறக்கத்தில் அழுத்தம் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு வரை இறங்குவது இயல்பு. இறங்காதவருக்குப் பக்கவாதமும் இருதய நோயும் நேரும் அபாயம் மிகுதி.

இக்கருவியை எவ்வளவு நம்பலாம்? முழு நாள் சராசரியைப் பெரிதும் நம்பலாம். சில வாரம் கழித்து அளந்தாலும் ஏறக்குறைய அதே கணக்கு வரும். இரவில் இறங்கியதா, இல்லையா என்ற தீர்ப்பு அத்தனை உறுதியுடையதன்று. இவ்வாரம் 'இறங்காதவர்' எனப்பட்டவர் மறுமுறை 'இறங்கியவர்' ஆவதுண்டு. நடுநிசியில் பட்டை இறுகினால் உறக்கம் கலைவது யாருக்கும் இயல்புதானே!

இங்குதான் நம் ஊர்த் தொழிலாளியின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். இரவு பத்து முதல் காலை ஆறு வரை உறக்கம் என்று கடிகாரக் கணக்கில் கருவியை அமைத்துவிட்டால், விசைத்தறியில் இரவு ஷிப்டு பார்ப்பவரின் வேலை நேரமெல்லாம் உறக்க நேரமாகப் பதிவாகும். இரவில் மோட்டார் போடக் கழனிக்குச் செல்லும் விவசாயியின் கதியும் அதுவே. உள்ளபடி அவர் உறங்கிய பகற்பொழுது விழிப்புக் கணக்கில் சேர்ந்துவிடும். கருவி பொய் சொல்லவில்லை. நாம் அதற்குச் சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை. ஆகவே கருவி கட்டிக்கொள்ளும் அங்கத்தினர், படுத்த நேரம், எழுந்த நேரம், வேலை நேரம், மாத்திரை உண்ட நேரம் ஆகியவற்றை ஒரு துண்டுச் சீட்டில் குறித்து டாக்டரிடம் கொடுக்க வேண்டும். பட்டை இறுகும்போது கையை அசைக்காது நிற்க வேண்டும். அந்த நிமிஷம் அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டிருந்தால் அளவு கெடும். எடுத்த அளவுகளில் நூற்றுக்கு எழுபதேனும் தேறாவிடில் மறுபடி கட்டிக்கொள்ளும்படி கேட்பதில் தவறில்லை.

இக்கருவி எளிதில் கிட்டாதவருக்கு வீட்டு அளவையே அடுத்த துணை. மணிக்கட்டில் கட்டுவதைவிடப் புஜத்தில் கட்டும் கருவி மேலானது. ஐந்து நிமிஷம் சாய்ந்து அமர்ந்தபின் காலையில் இருமுறை, மாலையில் இருமுறை என ஏழு நாள் எழுதி, முதல் நாளைத் தள்ளிச் சராசரி காண வேண்டும். இங்கும் எல்லை 135/85. சங்க அலுவலகத்தில் இத்தகைய கருவி ஒன்றும், பருத்த கைக்கு ஏற்ற பெரிய பட்டை ஒன்றும் வாங்கி வைத்து, தவணை முறையில் அங்கத்தினர் வீட்டிற்குக் கொடுத்தனுப்பலாம் என நிர்வாகஸ்தர்களைக் கேட்டுக்கொள்கிறோம். நூலுக்கும் சாயத்திற்கும் ஆகும் செலவின் முன் இது பெரிதன்று. அளவு குறைவாக வந்ததென்று டாக்டரைக் கேளாமல் எவரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.