பொற்றாமரையின் விலை

சீனத்துப் பெண்ணின் கட்டிய பாதத்தின்மேல் ஆடவர் கொண்ட மோகத்துக்குக் காரணம் மனத்தின் ஆழத்திலே கிடக்கிறதென்பர் சிலர். பாதத்தைச் சிதைத்துப் பின் அதனையே போற்றும் இவ்வழக்கத்தைப் பிராய்டும் 1927இல் எழுதிய கட்டுரையிற் குறிப்பிட்டார். நாம் கேட்கிறோம்: சிறுமியின் விரல்களை மடக்கி எலும்பை ஒடித்ததும் வெறும் மனந்தானா?

லோரல் பொசன், ஹில் கேட்ஸ் ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு வேறு விடை தருகிறது. ஓடியாட முடியாத சிறுமி வீட்டிலமர்ந்து நூல் நூற்றாள், துணி நெய்தாள். ஆலை நூல் வந்து கைந்நூல் மதிப்பிழந்ததும் கட்டும் தளர்ந்தது. 1902இன் அரச ஆணை மட்டும் அதனை அவிழ்த்துவிடவில்லை.

மூன்றங்குலப் பாதத்தைப் ‘பொற்றாமரை’ என்று புகழ்ந்தவர்கள் அவள் நூற்ற நூலைப் பற்றிப் பேசினார்களில்லை. அழகென்று நமக்குக் கற்பிக்கப்படுவது எதுவாயினும், அது யாருடைய வலியிற் பிறந்தது, யாருக்குப் பயன்பட்டது என்று கேட்போம்.