செவ்வாழையை முதலில் கேளுங்கள்

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிவு வெளியாகும் மே மாதம் தொடங்கி, ஆடி பிறந்து சில வாரங்கள் ஆகும் வரையில், தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் வேறு பேச்சே கிடையாது. பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டில்கூட இவ்வளவு பேர் யோசனை சொல்ல வந்து சேருவதில்லை. "கம்ப்யூட்டர்தான் படிக்க வேண்டும், மற்றதெல்லாம் வீண்" என்பார் மாமா. "மெக்கானிகல் என்றைக்கும் சோறு போடும்" என்பார் சித்தப்பா. அடுத்த வீட்டுக்காரருக்கோ தம் மகன் படித்த கலாசாலையைத் தவிர உலகத்தில் வேறு கலாசாலை இருப்பதாகவே தெரியாது. இத்தனை பேரும் பேசி முடித்த பிறகு, படிக்கப் போகிற பிள்ளையைப் பார்த்து, "உனக்கு எதிலே இஷ்டம், அப்பா?" என்று யாராவது ஒருவர் கேட்டுவிட்டால், அது அந்தப் பிள்ளை செய்த பாக்கியம் என்றே சொல்ல வேண்டும்.

அந்தக் கேள்வியைக் கேட்பது அன்புக்கு மட்டும் அழகு என்று நேயர்கள் நினைக்க வேண்டாம். விண்ணப்பத்தில் உள்ளபடியான விருப்பத்தை எழுதுவதில் கைமேல் லாபமும் இருக்கிறது. யுக்தி செய்து எழுதுகிறவர்களே நஷ்டப்படுகிறார்கள். இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லலாம் என்று உத்தேசம்.

நமது மாகாணத்தில் எஞ்சினீயரிங் படிப்பில் சேருவதற்கு இப்போது தனியாக நுழைவுப் பரீட்சை கிடையாது. 2007-ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் அது நின்றுவிட்டது. கணிதத்துக்கு 100, பௌதிகத்துக்கு 50, ரசாயனத்துக்கு 50 என்று பள்ளிப் பரீட்சை மார்க்குகளைச் சுருக்கி, 200-க்கு இவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். அதை வைத்துத்தான் தர வரிசை. இருவருக்கு ஒரே மார்க்கு வந்துவிட்டால் கணித மார்க்கைப் பார்க்கிறார்கள். பிறகு பௌதிகத்தைப் பார்க்கிறார்கள். இப்படியே போய், எல்லாம் சமமாக இருந்தால் வயதில் மூத்தவருக்கு முதலிடம். பிறந்த நாளும் ஒன்றாகவே இருந்துவிட்டால், ஒவ்வொருவருக்கும் முன்பே போட்டு வைத்திருக்கும் ஒரு குருட்டு எண் தீர்ப்புச் சொல்லுகிறது.

2018-க்கு முன்னால் மாணவர்கள் பெற்றோருடன் கிண்டிக்கு நேரில் வருவார்கள். அவரவர் முறை வந்ததும், இன்ன கலாசாலையில் இன்ன பிரிவில் இத்தனை இடம் பாக்கி என்பதைத் திரையில் பார்த்து, அந்த க்ஷணத்திலேயே ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். அதில் படபடப்பு இருந்தது. ஆனால் குழப்பம் இல்லை. கண் எதிரே இருப்பதில் நல்லதை எடுத்துக்கொண்டு போகலாம் அல்லவா? 2018 முதல் எல்லாம் இணைய வழியாகிவிட்டது. இருந்த இடத்திலிருந்தே, தமக்கு வேண்டிய கலாசாலைகளையும் பிரிவுகளையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தி முன்கூட்டியே ஜாபிதா அனுப்பிவிட வேண்டும். என்ன மிச்சம் இருக்கும் என்பது எழுதுகிறவருக்குத் தெரியாது. யுக்திகள் பிறப்பது இந்த இடத்திலேதான்.

"உன் மார்க்குக்கு அந்தக் கலாசாலை எட்டாது, அதை முதலில் எழுதினால் முதல் இடம் வீணாகிவிடும். கிடைக்கக் கூடியதை மேலே போடு" என்று யாரோ ஒருவர் சொல்லுகிறார். நம் வீடுகளில் இந்த யோசனைக்கு இருக்கும் மதிப்பு வேறு எதற்கும் இல்லை. ஆனால் இது சுத்தப் பிசகு.

ஒரு பையனைப் பழக்கடைக்கு அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "செவ்வாழை இருந்தால் வாங்கு; இல்லாவிட்டால் ரஸ்தாளி; அதுவும் இல்லையென்றால் பூவன்" என்று சொல்லி அனுப்புகிறோம். கடையில் நீண்ட வரிசை. முன்னால் நிற்பவர்கள் வாங்கியது போக மிஞ்சியதுதான் நம் பையனுக்கு. அவன் முறை வரும்போது செவ்வாழை தீர்ந்து போயிருந்தால், ரஸ்தாளியைக் கேட்கிறான். செவ்வாழையை முதலில் கேட்ட குற்றத்துக்காகக் கடைக்காரர் ரஸ்தாளியைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லுகிறாரா? வரிசையின் கடைசிக்குப் போ என்கிறாரா? ஒன்றும் இல்லை. ஆனால் நாம் புத்திசாலித்தனமாக, "பூவனையே முதலில் கேள்" என்று சொல்லி அனுப்பியிருந்தால், கடையில் செவ்வாழைத் தார் தொங்கிக்கொண்டிருந்தாலும் பையன் பூவனோடுதான் திரும்பி வருவான். அவன் மீது குற்றம் இல்லை. நாம் கேட்டதை வாங்கி வந்திருக்கிறான்.

கம்ப்யூட்டரும் இந்தப் பையனைப் போலத்தான். உங்கள் முறை வந்ததும் உங்கள் ஜாபிதாவை மேலிருந்து கீழாகப் பார்க்கிறது. இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளையும் கவனித்து, காலி இடம் உள்ள முதல் வரியில் நின்றுவிடுகிறது. மேலே எட்டாத கலாசாலைகள் 10 இருந்தாலும் கீழே உள்ளதற்குக் குறைவு வராது. கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் ஸிவில் படிக்க ஆசைப்படும் பெண் ஒருத்தி, "எங்கே கிடைக்கப் போகிறது?" என்று அதை ஐந்தாவதாக எழுதினால், அங்கே இடம் காலியாக இருந்தும் முதலில் எழுதிய வேறொன்றில் அவளைச் சேர்த்துவிடும். பிறகு யாரிடம் போய் முறையிடுவது?

இது நமது சொந்த அபிப்பிராயம் அன்று. கணித சாஸ்திரிகள் நிரூபித்த விஷயம். டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரண்டு அமெரிக்கப் பேரறிஞர்கள் 1962-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கலாசாலைச் சேர்க்கையையும் கலியாணத்தையும் ஒரே கணக்கில் பொருத்திக் காட்டிய கட்டுரை அது! இந்தத் துறையில் செய்த வேலைக்காக 2012-ல் ஷாப்லிக்கும் ஆல்வின் ராத் என்பவருக்கும் பொருளாதாரத்துக்குரிய நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. 2015 முதல் ஐ.ஐ.டி.களுக்கும் என்.ஐ.டி.களுக்கும் சேர்த்து ஒன்றாக நடைபெறும் அகில இந்தியச் சேர்க்கையும் இந்த முறையைத் தழுவியதே. இம்முறையில் விண்ணப்பிக்கிறவர்கள் தங்கள் ஆசையை மறைத்து எழுதுவதால் அடையக்கூடிய ஆதாயம் எதுவும் இல்லை.

அப்படியானால் ஜாபிதா எழுதுவதில் தவறே நேராதா என்று கேட்கலாம். நேரும். மிகவும் சுருக்கமாக எழுதிவிடுவது ஒரு தவறு. நாலைந்து வரியோடு நிறுத்தியவருக்கு அவை யாவும் தீர்ந்து போயிருந்தால் அந்தச் சுற்றில் இடம் கிடையாது. சேரவே மனமில்லாத கலாசாலையை, "இருக்கட்டுமே" என்று எழுதி வைப்பது மற்றொரு தவறு. கேட்டது கிடைத்துவிடும், ஜாக்கிரதை! தற்காலிக இடம் ஒதுக்கியதும், ஏற்றுக்கொண்டு சேருவதா, ஏற்றுக்கொண்டு மேலே உள்ளவற்றுக்குக் காத்திருப்பதா, மறுப்பதா என்று கேட்கிறார்கள். காத்திருக்கிறேன் என்றவருக்கு மேல் வரியில் உள்ள இடம் கிடைத்துவிட்டால், முன்பு கையில் இருந்தது தானாகவே போய்விடும். ஆகையால் ஒவ்வொரு வரியையும் எழுதும்போது, "கீழே உள்ளதைவிட இது எனக்கு உண்மையிலேயே மேலானதா?" என்று பிள்ளை தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு மாமா பதில் சொல்ல முடியாது.

பெற்றோருக்கு வேலையே இல்லை என்று சொல்ல வரவில்லை. வேலை நிறைய இருக்கிறது. சென்ற ஆண்டில் எந்தப் பிரிவு எந்த மார்க்கோடு நின்றது என்ற விவரம் கிடைக்கிறது; அதைப் படித்துப் பார்க்கலாம். கலாசாலைக்கு நேரில் போய், பட்டறை ஓடுகிறதா, பரிசோதனைச் சாலைக்குப் பூட்டுத் தொங்குகிறதா என்று கண்ணால் பார்க்கலாம். குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆகப் போகிறவர்களுக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அதற்குரிய சான்றிதழை வருவாய்த் துறையினரிடம் காலத்தில் வாங்கி வைக்கலாம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசினர் பள்ளியிலே படித்தவர்களுக்கு 2021 முதல் எஞ்சினீயரிங் கலாசாலைகளில் நூற்றுக்கு ஏழரை இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. விவரம் தெரியாமல் இந்த உரிமைகளை இழக்கும் குடும்பங்களை நினைத்தால் மனம் வருந்துகிறது.

பிள்ளைகளின் விருப்பத்துக்குப் பெற்றோர் எப்படித் துணை நிற்கலாம் என்பதற்குக் கிண்டிக் கலாசாலையின் சரித்திரத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1794-ல் நில அளவைப் பள்ளிக்கூடமாக ஆரம்பித்த அந்த ஸ்தாபனத்தில் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு காலம் ஆண்கள் மட்டுமே படித்து வந்தார்கள். ஏ. லலிதா என்ற பெண்மணி 18-வது வயதில் கணவனை இழந்தார். கையில் சில மாதக் குழந்தை. மறுபடியும் படித்துச் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று அவர் உறுதி கொண்டார். வைத்தியம் படித்தால் நள்ளிரவில் குழந்தையை விட்டுப் போக நேரும் என்று யோசித்து, எஞ்சினீயரிங்கை விரும்பினார். அவருடைய தகப்பனார் பப்பு சுப்பராவ் அந்தக் கலாசாலையிலேயே மின்சாரத் துறைப் பேராசிரியர். "ஊர் என்ன சொல்லும்?" என்று அவர் மகளைத் தடுக்கவில்லை, மகளுக்காகப் பிரின்ஸிபால் கே. ஸி. சாக்கோவிடம் போய் மன்றாடினார். 1940-ல் லலிதாவுக்கு இடம் கிடைத்தது. அவரைத் தொடர்ந்து லீலாம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா என்ற இருவரும் சேர்ந்தார்கள். லலிதாவின் பட்டப் பத்திரத்தில் ஆணைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அச்சாகியிருந்தபடியால், அதைப் பேனாவினால் அடித்துப் பெண்பாலாகத் திருத்திக் கொடுத்தார்களாம்! பின்னால் லலிதா பக்ரா நங்கல் அணைத் திட்டத்துக்கான மின்சார வேலைகளில் பங்கு கொண்டார். திரேசியா 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமை எஞ்சினீயரானார்.

அந்தத் தகப்பனாரிடம் செல்வாக்கு இருந்தது. அதை மகளுடைய ஆசைக்கு வாகனமாக்கினாரேயன்றி, தம்முடைய ஆசையை மகளின் தலைமேல் ஏற்றவில்லை.

பட்டம் பெற்ற பிறகு மேல் படிப்புக்கு விண்ணப்பிக்கும் போதும் இதே நியாயந்தான். நம் நாட்டில் எம்.டெக். சேருவதற்கு 'கேட்' பரீட்சை இருக்கிறது. அந்த மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும். ஆகவே ஒரு வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டுச் சேர நினைப்பவர்கள் பதற வேண்டியதில்லை. அமெரிக்க சர்வகலாசாலைகளிலோ மார்க்கு வரிசை என்ற ஒன்று இல்லை. பழைய மார்க்குகளோடு, "நான் எதற்காக இதைப் படிக்க விரும்புகிறேன்" என்று மாணவர் எழுதும் கட்டுரையையும், சாதாரணமாக மூன்று ஆசிரியர்களின் சிபாரிசுக் கடிதங்களையும் படித்துப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள்.

கட்டுரையைக் காசு வாங்கிக்கொண்டு எழுதித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். இந்நாளில் ஒரு நொடியில் எழுதித் தள்ளும் யந்திரமும் வந்துவிட்டது. "சிறு வயது முதலே எனக்கு யந்திரங்களின் மீது ஆர்வம்" என்று தொடங்கும் கட்டுரைகளைப் படித்துப் படித்து அந்தப் பேராசிரியர்களுக்குச் சலித்துப் போயிருக்கும். அவர்கள் தேடுவது வேறு. பாலத்தூண் மாதிரி ஒன்றைச் செய்து பார்த்தேன், அது எதிர்பாராத இடத்தில் விரிசல் விட்டது, ஏன் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை என்று ஒரு மாணவி எழுதினால், படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். சிபாரிசுக் கடிதமும் அப்படியே. முகம் தெரியாத பெரிய மனிதர் கொடுக்கும் புகழ்மாலையைவிட, பட்டறையில் கூட நின்று வேலை வாங்கிய இளம் ஆசிரியரின் நாலு வரி மேலானது. "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்லும் ஆசிரியர்கள் மாணவருக்கு உபகாரம் செய்வதாக நினைக்கிறார்கள். மூன்று கடிதங்களும் ஒரே கையின் நடையில் இருந்தால் அது உபகாரமாகுமா?

இங்கே ஒரு வித்தியாசத்தை மறக்கக் கூடாது. நமது ஜாபிதாவில் கூடுதலாக ஒரு வரி எழுதப் பணம் கேட்பதில்லை. அங்கேயோ பெரும்பாலும் ஒவ்வொரு சர்வகலாசாலைக்கும் தனித்தனியே கட்டணம். ஆகவே எட்டாதது ஒன்றிரண்டு, ஏற்றது சில, நிச்சயமானது ஒன்றிரண்டு என்று அளவாக விண்ணப்பிப்பது நல்லது. பல அமெரிக்க சர்வகலாசாலைகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டிருக்கின்றன. பண உதவியோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்லியே தீர வேண்டுமென்று அவை கட்டாயப்படுத்துவதில்லை. அவசரப்பட்டு முதலில் வந்ததற்குத் தலையாட்டிவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் போதும்.

அடுத்த முறை வீட்டில் ஜாபிதா எழுத உட்காரும்போது, பெரியவர்கள் விவரங்களையெல்லாம் திரட்டிக் கொடுக்கட்டும். கட்டணக் கணக்கை ஒளிக்காமல் சொல்லட்டும். காப்பியும் போட்டுக் கொடுக்கட்டும். வரிசை எண்ணை மட்டும் படிக்கப் போகிறவரே போடட்டும். நாலு வருஷம் காலையில் எழுந்து அந்த வகுப்புக்குப் போகப் போகிறவர் மாமா அல்லவே!