ஆகாயத்தில் இருந்து குதித்தால் இதயம் என்ன ஆகும்?

விமானம் 13 ஆயிரம் அடி உயரத்தில் பறக்கிறது. கதவு திறக்கிறது. முதுகில் பாரசூட்டு மூட்டையுடன் ஒருவர் குதிக்கிறார்! மணிக்கு சுமார் 120 மைல் வேகத்தில், ஏறக்குறைய ஒரு நிமிடம் விழுகிறார். பிறகுதான் குடை விரிகிறது.

சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 70, 80 தடவை துடிக்கும் இதயம், முதல் தடவை குதிக்கும்போது 150-ஐக்கூட தாண்டுவது உண்டு. எல்லாம் பயம்தான்! சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல உட்கார்ந்து இருக்கும் சுரப்பி, அட்ரினலினை ரத்தத்தில் கொட்டுகிறது. ரத்த அழுத்தமும் ஏறுகிறது. நல்ல இதயம் இதைத் தாங்கிவிடும். நோய்ப்பட்ட இதயத்துக்கு இது ஆபத்தான விளையாட்டு. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், டாக்டரைக் கேட்காமல் இந்தப் பக்கமே போகக்கூடாது.

பழகியவர்களுக்குப் பயமே கிடையாதா?

உண்டு! மனோதத்துவ நிபுணர்கள் பென்ஸ், எப்ஸ்டீன் இருவரும் இதைச் சோதித்து, 1967-ல் வெளியிட்டார்கள். புதியவர்களின் இதயத் துடிப்பு, குதிக்கும் நேரம் நெருங்க நெருங்க ஏறிக்கொண்டே போனது. அனுபவசாலிகளுக்கும் ஏறியது. ஆனால் முன்னதாகவே ஏறி, குதிக்கும் நேரத்தில் தணிந்துவிட்டது. பழக்கம் செய்யும் வேலை இது.

"குதித்தால் மூளை கூர்மை ஆகும், ஒவ்வொரு விநாடியும் நீண்டு தெரியும்" என்று சிலர் பெருமை பேசுகிறார்கள். இதை அப்படியே நம்ப வேண்டியது இல்லை. அமெரிக்காவில் டல்லாஸ் நகரில் சிலரை 100 அடி உயரத்தில் இருந்து வலையில் விழ வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் மணிக்கட்டில் கட்டிய கருவியில் எண்கள் படுவேகமாக மின்னின. காலம் உண்மையில் மெதுவாகத் தெரிந்தால், அவற்றைப் படித்து இருக்கலாமே! யாராலும் முடியவில்லை. ஆனாலும், மற்றவர்கள் விழுந்த நேரத்தைவிட, தாங்கள் விழுந்த நேரம் 36 சதவீதம் அதிகம் என்று சொன்னார்கள். 2007-ல் வெளிவந்த முடிவு இது. பயத்தில் நினைவு ஆழமாகப் பதிகிறது. பார்வை வேகம் அடைவது இல்லை.

பதற்றம் மிஞ்சினால், கையில் கட்டிய உயரமானியைப் பார்க்கக்கூட மறந்துவிடும். அதனால்தான் 1991-ல் ஜெர்மனியில் இருந்து 'சைப்ரஸ்' என்ற கருவி வந்தது. சுமார் 750 அடிக்கு வந்தும் ஒருவர் வேகமாக விழுந்துகொண்டு இருந்தால், அதுவே மாற்றுப் பாரசூட்டைத் திறந்துவிடும். கருவி இருக்கிறதே என்று பயிற்சியைக் குறைத்துக்கொள்வது மடத்தனம். 750 அடியில் இருந்து தரைக்கு வர, அந்த வேகத்தில் 4 விநாடிதான் ஆகும்!